விமானம் ஓட்டக் கற்பதற்கு வயது தடையா?

ஐம்பதைக் கடந்த ஒருவர் சிறு விமானம் ஓட்டக் கற்க விரும்புவதாகச் சொன்னால், கேட்போர் முதலில் சிரிப்பர். பிறகு அறிவுரை கூறுவர். சட்டம் அவ்வாறு சிரிப்பதில்லை. இந்தியாவில் தனியார் விமானி உரிமம் பெறுவதற்குக் குறைந்தபட்ச வயது 17, மேல்வரம்பு இல்லை. குறைந்தது 40 மணி நேரப் பறத்தல், எழுத்துத் தேர்வு, மருத்துவத் தகுதி ஆகியவையே கோரப்படுகின்றன. வயது ஏற ஏற மருத்துவச் சோதனைகளுக்கு இடையிலான காலம் சுருங்கும். ஆளின் பிறந்த ஆண்டைக் காட்டிலும் அவரது இன்றைய உடல்நிலையை அளக்கும் இம்முறையே நேர்மையானது.

இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு கோமகள் மேரி ரஸ்ஸல், அறுபதைக் கடந்தபின் பறத்தலில் ஈடுபட்டார். 1929இல் விமானி பர்னார்டுடன் கராச்சி வரை வந்து எட்டே நாளில் இங்கிலாந்து திரும்பினார். 1930இல், தமது 64ஆம் வயதில், முதன்முறையாகத் தனியே விமானம் ஓட்டினார். 1937 மார்ச்சில் தனியே பறந்து சென்றவர் மீளவில்லை; அப்போது அவருக்கு வயது 71. முதுமையே அவரைக் கொன்றது என்று கூறுவது எளிது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் பசிபிக் பெருங்கடலின்மீது மறைந்த அமெலியா இயர்ஹார்ட்டுக்கு வயது 39. மறுபுறம், ஜே.ஆர்.டி. டாட்டா 1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிய பயணத்தை 1982இல், தமது 78ஆம் வயதில், மீண்டும் ஓட்டிக் காட்டினார். அவர் இளமையிலேயே கற்றவர் என்பது உண்மை. ஆயினும் அவ்வயதிலும் கையும் கண்ணும் ஒத்துழைக்கும் என்பதற்கு அவரே சான்று.

எனவே உண்மையான தடையை வேறிடத்தில் தேட வேண்டும். போர்ட் பிளேயரின் டெலானிபூரில் வாழும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். சில கிலோமீட்டர் தொலைவில் ஓடுதளம் உண்டு. அது கடற்படையும் பயன்படுத்தும் தளம். பறக்கக் கற்க வேண்டுமெனில் அவர் பெருநிலம் செல்ல வேண்டும். சென்னைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். பயிற்சிக் கட்டணத்தோடு தங்குமிடச் செலவும் சேரும். இருபது வயதினர் விடுதியில் தங்கிவிடுவர். வேலையும் குடும்பமும் உடையவர் மாதக்கணக்கில் ஊரைவிட்டு எவ்வாறு அகல்வார்?

இதற்கு எளிய வழியொன்று உண்டு. வானிலையியல், வழிச்செலுத்தல், வான்போக்குவரத்து விதிகள் ஆகிய பாடங்களுக்கு விமானமே தேவையில்லை. இவற்றைத் தீவுக் கல்லூரிகளில் மாலை வகுப்புகளாக நடத்தலாம். அப்போது பெருநிலத்தில் தங்கும் காலம் பறக்கும் நேரத்துக்கு மட்டுமே செலவாகும். தீவுகளுக்கிடையே நோயாளிகளை வான்வழி அனுப்பும் தேவை நிலவும் நிலப்பகுதியில், வானிலை அறிந்த குடிமக்கள் பெருகுவது வீண்போகாது.

கற்போருக்கும் ஒரு கடமை உண்டு. மேகம் சூழும்போது இன்று பறக்க வேண்டாம் என்று முடிவெடுத்துத் திரும்பும் துணிவே விமானிக்கு முதன்மையானது. நடுவயதின் நிதானம் அதற்குத் துணைநிற்கும். தகுதியற்றவரை மருத்துவர் தடுக்கட்டும். அதற்கு முன்பே ஊரார் சிரிப்பு தடுக்க வேண்டாம்.