நடுங்கினாலும் கையெழுத்து கையெழுத்துதான்

"இந்த வயசுல மண்டையில ஓட்டை போடணுமா?" வில்லியனூர், பாகூர் பக்கம் பார்க்கின்சன் நடுக்கம் வந்த வீடுகளில் இப்படிக் கேட்காத உறவினர் இல்லை. மகன் பேசுவார், மருமகள் பேசுவார், சம்பந்தியும் பேசுவார். கை நடுங்குகிறவரை மட்டும் யாரும் கேட்பதில்லை. இது அநியாயம்.

மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து, நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரி பதிக்கும் இந்தச் சிகிச்சை நேற்று முளைத்ததல்ல. 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபித், பொல்லாக் என்ற டாக்டர்கள் தொடங்கியது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்திலும் பல வருடங்களாகச் செய்கிறார்கள்.

"எல்லா மாத்திரையும் தோற்ற பிறகு பார்க்கலாம்" என்பார்கள். கோப்பைக் கிடப்பில் போடுகிற பேச்சு இது. லெவோடோபா மாத்திரைக்கு உடம்பு கேட்கிறவருக்குத்தான் இதில் நல்ல பலன். அதனால்தான் முந்தின இரவே மாத்திரையை நிறுத்தி, காலையில் நடக்கவிட்டுப் பார்த்து, பிறகு மாத்திரை கொடுத்து மறுபடி பார்க்கிறார்கள். நடுக்கத்தை விட்டுவிடுங்கள்; மாத்திரைக்கு அடங்காத தள்ளாட்டம், பேச்சுக் குழறல், மறதி எல்லாம் பெரும்பாலும் இதற்கும் அடங்காது. மறதி முற்றியவருக்குச் செய்யவும் மாட்டார்கள். நாம் தள்ளிப்போடும் வருடங்களில் வாய்ப்பே காலாவதியாகிவிடும்.

வயது ஒரு பொருட்டே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 2013இல் வெளியான பிரெஞ்சு-ஜெர்மன் ஆய்வில், சீக்கிரமே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மாத்திரையோடு நின்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய சராசரி வயது 52தான். "பூரண குணம்" என்று ஆசை காட்டுகிறவரையும் நம்பாதீர்கள். நோய் போகாது, மாத்திரையும் அடியோடு நிற்காது. சிலருக்கு ரத்தக்கசிவோ கிருமித் தொற்றோ வரலாம். செலவு பல லட்சம். சில வருடங்களில் பேட்டரி மாற்ற வேண்டிவந்தால் என்ன செலவு, யார் தருவது என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

இதையெல்லாம் கேட்க கோரிமேடு ஜிப்மரில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. பெரியவரையும் கூட்டிப்போங்கள். டாக்டர் அவரிடமே பேசட்டும். கேட்டுவிட்டு அவர் வேண்டாம் என்றால் மதியுங்கள். வேண்டும் என்றால் குறுக்கே நிற்காதீர்கள். நாற்பது வருடம் குடும்பத்துக்காகக் கையெழுத்துப் போட்டவர், தன் உடம்புக்காக ஒன்று போடக்கூடாதா?