வஹீதா ரஹ்மானின் மொழி

2023 செப்டம்பரில் வஹீதா ரஹ்மானுக்குத் தாதாசாகேப் பால்கே விருது அறிவிக்கப்பட்டதும், ‘செங்கல்பட்டுத் தமிழச்சி’ என்று நம்மூரில் ஒருசாரார் மார்தட்டினர். ‘அவர் ஐதராபாத்காரர், நமக்கென்ன?’ என்று இன்னொரு சாரார் ஒதுங்கிக்கொண்டனர். பின்னவருக்குப் பதில் எளிது. 1938 பிப்ரவரி 3 அன்று அவர் பிறந்தது செங்கல்பட்டில்தான். ஐதராபாத் என்பது பல்லாண்டுகளாக அச்சேறிவந்த பிழை. நம் வழக்கு முன்னவரோடு. வஹீதா பிறந்தது தக்கணி முஸ்லிம் குடும்பத்தில், வீட்டுமொழி உருது. இந்தச் செய்தியை அவர்கள் நாசூக்காக விழுங்கிவிட்டார்கள்.

உருது என்பது வடக்கிலிருந்து வந்திறங்கிய சரக்கு என்னும் எண்ணம் நம் தமிழ்த்துறைகளில் ஊறிக்கிடக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் தக்கணி உருதுவில் எழுதிய வேலூர் பாகர் ஆகாவை நம் மாணவர்களுள் எத்தனைபேர் அறிவர்? மாமல்லபுரத்துக்கு வடக்கேயுள்ள கோவளத்துக்கு நவாபுகள் காலத்தில் சாதத் பந்தர் என்று பெயர். 1752இல் கிளைவ் அவ்வூர்க் கோட்டையையும் செங்கல்பட்டுக் கோட்டையையும் அடுத்தடுத்துக் கைப்பற்றினான். கோட்டைக்குள் எந்த மொழி பேசினார்கள் என்று நாமும் இதுநாள்வரை வகுப்பில் கேட்டதில்லை. பல்லவருக்குப் பின் இக்கடற்கரையில் மனிதரே வாழவில்லை போலும்!

நிற்க. வஹீதா திருச்செந்தூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்றவர். முஸ்லிம் பெண்ணுக்குக் கற்றுத்தரத் தயங்கிய ஆசான், அவருக்குத் தாமே ஜாதகம் கணித்துப் பார்த்த பிறகே சம்மதித்தாராம். வஹீதாவே சொன்ன செய்தி இது. அப்படிக் கற்ற ஆட்டத்துக்குத் தமிழ்த்திரை தந்த இடம் ‘காலம் மாறிப்போச்சு’, ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ ஆகிய படங்களில் ஆளுக்கொரு நடனம். அதே 1956இல் ‘சி.ஐ.டி.’ வந்தது, அடுத்த ஆண்டு ‘பியாசா’. பெயர் நீளமாக இருக்கிறது, மாற்றிக்கொள் என்று பம்பாயில் சொன்னபோது அவர் மறுத்தார். பிடிக்காத உடையை உடுத்தமாட்டேன் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச்செய்தார். அப்போது பதினெட்டு வயது நிறையவில்லை, கையெழுத்திட்டவர் தாயார்.

‘கைடு’ (1965) படத்துக்கு வருவோம். ஆர்.கே. நாராயணின் நாவலில் ரோஸி தேவதாசி மரபில் பிறந்தவள், எம்.ஏ. படித்தவள், பரதம் ஆடுபவள். கதை நிகழ்வது மால்குடியில். படமோ அதைப் பெயர்த்தெடுத்து உதய்பூரில் நட்டது. நாராயண் மனம்நொந்து தனிக்கட்டுரையே எழுதினார். அவர் நோவு நியாயமானதே. ஆயினும் மால்குடியைத் தொலைத்த அந்தத் திரையில் தெற்கு முற்றாக அழிந்துவிடவில்லை. கணவனை உதறிச் சலங்கை கட்டும் ரோஸியின் கால்களில் அது இருந்தது. அந்தக் கால்களை மட்டும் நம்முடையவை என்போம், உருது பேசிய வாயை வடக்கே தள்ளிவிடுவோம் என்றால் அது என்ன நியாயம்? ‘சௌத்வீன் கா சாந்த்’ (1960) படத்தில் லக்னோப் பெண்ணாக அவர் பேசிய உருதுவுக்கும் செங்கல்பட்டு வீடுகளின் தக்கணிக்கும் தொலைவு உண்டு என்பது உண்மையே. ஆனால் அது உறவுக்குள் உள்ள தொலைவு.

தமிழ்த்திரையில் அவர் மீண்டும் தோன்றியது 62 ஆண்டுகள் கழித்து, ‘விஸ்வரூபம் 2’ (2018) படத்தில், நினைவு தப்பிய தாயாக. நினைவு தப்பியது யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது. தெலுங்கர் 1974லேயே ‘பங்காரு கலலு’வில் அவரை நடிக்கவைத்துவிட்டனர்.

சென்ற ஆண்டு நம் வகுப்பு மாணவி ஒருத்தி, படிவத்தில் தாய்மொழி ‘தமிழ்’ என்று எழுதியிருந்தாள். வீட்டில் என்ன பேசுவீர்கள் என்றோம். “உருது, சார்” என்றாள், குரலைத் தாழ்த்தி. பிறகு ஏன் எழுதவில்லை?

“எழுதினா, நீ எந்த ஊருன்னு கேக்கறாங்க சார்.”

அவள் வீடு கொளவாய் ஏரிக்குப் பக்கத்தில்.