நம் சாவுக்குக் கணக்கு எங்கே?

போன மாசம் வீரபாண்டியில் எங்கள் லைன் வீட்டில் ஒரு சாவு. சாயப்பட்டறையில் இருபது வருசம் வேலை பார்த்த மனுசன். வயசு 46. ராத்திரி தூக்கத்திலேயே போய்விட்டார். சாவைப் பதிய அவர் மகனோடு நானும் போயிருந்தேன். படிவத்தில் ஏகப்பட்ட கேள்விகள். புகைப்பாரா, எத்தனை வருசமாக? புகையிலை? பாக்கு? மது? ‘தொழில்’ என்ற இடத்தில் பையன் முழித்தான். “கூலின்னு போட்டுக்கலாம் தம்பி” என்றார் எழுதிக் கொடுத்தவர். காரணம், மாரடைப்பு. முடிந்தது கதை. எத்தனை வருசம் குடித்தார் என்பதற்குக் கட்டம் இருக்கிறது. எத்தனை வருசம் சாயத்தண்ணியில் நின்றார் என்பதற்கு இல்லை. மதத்துக்குக் கட்டம் உண்டு, சாதிக்குக் கிடையாது.

இறப்பு விகிதம் என்பது ஓர் ஆண்டில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கு. 2020இல் மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி கேரளத்தில் அது 7.0, தமிழ்நாட்டில் 6.1, பீகாரில் 5.4. அப்படியானால் பீகார்க்காரன்தான் சுகமாக இருக்கிறானா? இல்லை தோழர்களே. கேரளத்தில் வயசானவர்கள் அதிகம், பீகாரில் சிறுசுகள் அதிகம். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயசுக்குள் சாவது கேரளத்தில் 6, பீகாரில் 27. யார், எந்த வயசில் என்று கேட்காத சராசரி நம்மை ஏமாற்றும். நம் திருப்பூரையே பாருங்கள். வாலிப உடம்புகளை ஊர் ஊராகக் கூட்டிவந்து, ஓய்ந்ததும் சொந்த ஊருக்கே அனுப்பிவிடுகிற பனியன் ஊரின் சாவுக் கணக்கு சுத்தமாகத்தானே தெரியும்?

சாதியைக் கேட்ட இடத்திலெல்லாம் பதில் வந்திருக்கிறது. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில், ஆயிரம் பிறப்புக்குச் சிசு மரணம் பட்டியல் சாதியினரிடம் 45. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாத மற்றவர்களிடம் 32. 2010-11இல் ஒன்பது மாநிலங்களில் எடுத்த தகவல்களை வைத்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு, உயர்சாதி இந்துக்களைவிட தலித்துகளின் ஆயுள் மூன்று வருசத்துக்கும் மேல் குறைவு என்றது. பழங்குடிகளுக்கு நான்குக்கும் மேல். ‘எல்லாம் ஏழ்மைதான்’ என்று நழுவ முடியாது. அந்த இடைவெளியில் பாதியைக்கூட பொருளாதார நிலை விளக்கவில்லை. அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை.

கேட்கவேண்டிய இடத்தில் பெயரை மாற்றியும் மறைப்பார்கள். கையால் மலம் அள்ளி யாரும் சாகவில்லை என்று 2021இல் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு சொன்னது. சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் இறங்கிச் செத்த 941 பேர்? அது வேறு கணக்காம், ‘ஆபத்தான முறையில் சுத்தம் செய்தல்’. 2025 மே மாசம் நமக்குப் பக்கத்துக் கரைப்புதூரில், சாயப்பட்டறை ஒன்றின் கழிவுத்தொட்டிக்குள் மூன்று தலித் தொழிலாளர்கள் மூச்சுமுட்டிச் செத்தார்கள். செய்தியாக வந்ததால் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து 46இல் ‘மாரடைப்பு’ ஆகிறவர்களை எந்தப் பத்திரிகை எழுதும்?

வரப்போகும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியைக் கேட்பதாக 2025 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்தது. நல்லது. ஆனால் அது உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை. விகிதம் போட, செத்தவர்களின் சாதியும் வேண்டும். இறப்புப் பதிவில் சாதியையும், செய்த வேலையையும் வருசத்தையும் எழுது என்று நாம் கேட்க வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். மாணவத் தோழர்களே, ஆளுக்கொரு நோட்டு போடுங்கள். உங்கள் தெருவில் விழும் ஒவ்வொரு சாவுக்கும் வயசு, வேலை, எத்தனை வருசம், என்ன நோவு, எந்த ஆஸ்பத்திரி என்று எழுதுங்கள். ‘கூலி’ என்று எழுதவந்தால் “என்ன கூலி?” என்று கேளுங்கள்.

ஊரார் வீட்டு இழவையெல்லாம் காடு மேடு நடந்துபோய்ச் சொன்னவர்கள் நாம். பறையடித்தோம், குழி வெட்டினோம். நம் வீட்டு இழவை ஊருக்குச் சொல்ல இன்னும் ஆளில்லை. இனி நாமே சொல்வோம், கணக்கோடு.