அறிந்தவர் காக்கும் அமைதி

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். கொடுக்கல் வாங்கலில் காட்டும் நேர்மையும் நாணயம். பழங்காசு சேர்ப்போரிடம் இவ்விரு பொருளும் சில வேளைகளில் ஒன்றோடொன்று மோதுகின்றன.

விற்பவரின் தட்டில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த வெள்ளி ரூபாய்கள் குவிந்து கிடக்கின்றன. எதை எடுத்தாலும் ஒரே விலை. அவற்றுள் 1940, 1941 என்னும் ஆண்டுகளைத் தாங்கியவை எளிதில் கிடைப்பவை. 1939 என்று பொறித்ததோ மிக அரிது. ரூபாயில் வெள்ளியின் அளவு பாதியாகக் குறைக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டைச் சேர்ந்த அந்த ரூபாய்க்குச் சேகரிப்பாளர் பன்மடங்கு விலை தருவர். வாங்க வந்தவரின் கண்ணில் அது பட்டுவிடுகின்றது. விற்பவர் கவனிக்கவில்லை. வாய் திறவாமல் சொன்ன விலையைக் கொடுத்து அதை எடுத்துச் செல்லலாமா?

எடுத்துச் செல்லலாம் என்போரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. காசைப் படிக்கும் அறிவு சும்மா வருவதன்று. திப்பு சுல்தான் காசுகளை எண்ணிப் பாருங்கள். அவர் தம் ஆட்சியின் இடையில் ஹிஜ்ரி ஆண்டை விடுத்து, மௌலூதி என்னும் புதிய ஆண்டுக் கணக்கைப் புகுத்தினார். அக்காசுகளில் ஆண்டின் எண்களை வலமிருந்து இடமாகப் பொறிக்கச் செய்தார். இதைப் பயிலாதவர் ஆண்டைத் தவறாகவே படிப்பார். பயின்றவர் பல இரவுகள் நூல்களோடு கழித்திருப்பார். மேலும், 1939 ரூபாயில் எண்ணைத் திருத்திய போலிகளும் உலவுகின்றன. ஏமாந்து போலியை வாங்கினால் நட்டம் அவருடையதே. அப்படியிருக்க, ஆதாயம் மட்டும் ஏன் அவருடையதாகக் கூடாது என்று கேட்கின்றனர்.

சட்டமும் ஏறத்தாழ அவர்கள் பக்கமே நிற்கின்றது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், வெறும் மௌனத்தைப் பொதுவாக மோசடி எனக் கொள்வதில்லை. ஒரு தரப்பார் மட்டும் ஒரு செய்தியைத் தவறாகக் கருதியிருந்தார் என்பதற்காக ஒப்பந்தம் செல்லாது போவதுமில்லை. இதையொத்த வழக்கொன்று அமெரிக்காவில் நடந்தது. 1815இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு வணிகர், பிரிட்டனோடு நடந்த போர் முடிந்துவிட்ட செய்தியை முந்தி அறிந்து, அறியாத நிறுவனத்தாரிடம் பெருமளவு புகையிலையை வாங்கினார். செய்தி பரவியதும் விலை 30 முதல் 50 விழுக்காடு வரை ஏறியது. தாம் அறிந்ததைச் சொல்ல வாங்குபவர் கடமைப்பட்டவர் அல்லர் என்று 1817இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும், எதிர்த்தரப்பை ஏமாற்றும் வண்ணம் எதையும் சொல்லவோ செய்யவோ கூடாது என்றும் சேர்த்துரைத்தது. இவ்வழக்கை எடுத்துக்காட்டுவோர் இந்த இரண்டாம் பகுதியைப் பெரும்பாலும் நினைவில் வைப்பதில்லை!

தமிழுக்குப் பெருநன்மை விளைவித்த நிகழ்ச்சி ஒன்றும் இவ்வகையினதே. சங்ககால வேந்தர் தம் பெயர் பொறித்த காசு வெளியிட்டதற்கு உறுதியான சான்று நெடுங்காலம் கிட்டவில்லை. தினமலர் ஆசிரியரும் நாணயவியல் அறிஞருமான இரா. கிருஷ்ணமூர்த்தி, 1980களில், விலை கொடுத்து வாங்கிச் சேர்த்த செப்புக்காசுகளுள் சதுரமான ஒன்றைத் தூய்மை செய்து ஆராய்ந்தார். அதில் குதிரை உருவமும் 'பெருவழுதி' என்னும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் இருந்தன. பாண்டியன் ஒருவனின் பெயர் அது. அச்செப்புத் துண்டை விற்றவர் அதன் மதிப்பை அறிந்திருக்க வழியில்லை. வாங்கியவரும் வாங்கும் வேளையில் அறிந்தாரல்லர்; படித்த பின்னரே அறிந்தார். அறிந்ததை எழுதி வெளியிட்டார். சங்ககாலத் தமிழ்க் காசுகளைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1997இல் வெளிவந்தது. அக்காசின் மதிப்பை அவர் யாரிடமிருந்தும் பறிக்கவில்லை. படித்து உண்டாக்கினார் என்பதே என் கருத்து. தட்டில் 1939ஐக் கண்டதும் மூச்சை அடக்கிக்கொள்பவரோடு அவரை ஒரே வரிசையில் வைக்க இயலாது.

எனினும் அந்த மூச்சடக்கமும் எங்கும் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். எதிரே அமர்ந்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது அது. கண்ணாடிப் பேழையும் உருப்பெருக்கியும் விலைப்பட்டியல் நூலும் வைத்துக் கடை நடத்துபவர், காசை அறிவதையே தொழிலாகக் கொண்டவர். நேற்று அவர் அறிந்து நீங்கள் அறியாத காசில் அவர் ஆதாயம் பெற்றிருப்பார். இன்று உங்கள் முறை. ஒத்த வீரர் இருவர் ஆடும் ஆட்டம் அது.

சந்தாபுராவிலிருந்து ஓசூர் சாலை வழியே பேருந்தேறிக் கே.ஆர். மார்க்கெட் பக்கம் சென்றால், ஞாயிறுதோறும் கூடும் பழம்பொருள் சந்தையைக் காணலாம். தரையில் ஒரு விரிப்பு. அதன்மேல் பழைய பூட்டு, கைக்கடிகாரம், மின்கம்பிச் சுருள், ஒரு கிண்ணம் நிறையக் காசுகள். அவரையும் நாம் வியாபாரி என்றே அழைக்கின்றோம். ஆனால் அவர் காசு வியாபாரி அல்லர். அன்றைய சோற்றுக்காக எதையும் விற்பவர். 'வியாபாரிக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?' என்னும் கேள்வியைக் கண்ணாடிப் பேழைக்காரரிடம் கேட்கலாம். இவரிடம் கேட்பது முறையன்று. காசு சேர்ப்போர் இவ்விருவரையும் ஒரே பெயரால் அழைத்துத் தம் மனத்தை ஆற்றிக்கொள்வதைத்தான் நான் ஏற்கவில்லை.

மாணவர்களே, இது உங்களுக்குத் தொலைவான செய்தியன்று. ஊரைவிட்டு வேலைக்குப் புறப்படும்போது வெண்கலப் பானையையும் பித்தளை அண்டாவையும் எடைக்குப் போட்டுவிட்டு வந்த குடும்பங்கள் நம்மிடையே பல. பாட்டியின் காசுமாலையும் அவ்வாறே தட்டானின் தராசில் ஏறியிருக்கலாம். அதில் இருந்தது எந்த அரசர் காலத்துக் காசு என்று யாரும் பார்த்ததில்லை. வாங்கியவர் பார்த்திருந்தால், சொல்லியிருக்க வேண்டும் என்றுதானே உங்கள் வீட்டார் எண்ணுவர்?

காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும் பட்டினப்பாலை, அவர்கள் விற்கும்போது குறைத்துக் கொடுப்பதில்லை என்பதோடு நிற்கவில்லை. வாங்கும்போது மிகுதியாகப் பெறுவதுமில்லை என்று வாங்கும் கையையும் சேர்த்தே பேசுகின்றது. விற்பவரின் நேர்மையைப் பற்றி எல்லா நாட்டாரும் பேசுவர். வாங்குபவருக்கும் நேர்மை வேண்டும் என்பதைத் தமிழ்ப் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அன்றே பாடிவிட்டார்.

மண்ணில் புதைந்து கிடைத்த காசுகளின் நிலை வேறு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். அங்கே பேரத்திற்கே இடமில்லை.

பேழைக்காரரிடமும் விரிப்புக்காரரிடமும் ஒருபோதும் செய்யத்தகாதது ஒன்று உண்டு. அரிய காசைக் கையில் எடுத்து, 'தேய்ந்து போயிற்றே, இதற்கா இவ்வளவு?' என்று முகம் சுளித்து விலையைக் குறைக்க முயல்வது. அதை மௌனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'இது நல்ல காசா?' என்று அவரே கேட்டுவிட்டால், நீங்கள் அறிந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

விரிப்புக்காரர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். 'அண்ணா, இந்த 1939 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். காசு அறிந்தவரிடம் காட்டி விலை கேளுங்கள்' என்று சொன்னால் போதும். அவர் மகிழ்ந்து உங்களுக்கே நியாய விலையில் தரலாம். உடனே விலையை உயர்த்தி, உங்கள் கைக்கு எட்டாதபடியும் செய்துவிடலாம். அப்போது கிண்ணத்தில் மீந்த 1940ஆம் ஆண்டுக் காசு ஒன்றை வாங்கிக்கொண்டு சந்தாபுராப் பேருந்தில் ஏற வேண்டியதுதான்.