பேராக்கின் ஆழமில்லாக் கடலுக்கு ஏற்ற படகு

தஞ்சோங் மாலிமில் கடல் இல்லை. 1922இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய பல்கலைக்கழகமும், புரோட்டோன் கார்த் தொழிற்சாலையும், பேராக்கையும் சிலாங்கூரையும் பிரித்து ஓடும் பெர்ணம் ஆறும்தான் ஊரின் அடையாளம். ஆனால் அந்த ஆறு மேற்கே போய் மலாக்கா நீரிணையில்தான் கலக்கிறது. 2016இல் பேராக்கின் 11ஆவது மாவட்டமான முவாலிமுக்கும், அடுத்த ஆண்டு 12ஆவதாக உருவான பாகான் டத்தோவுக்கும் அது பொது எல்லை ஆறு. அப்படியிருந்தும் முவாலிமில் குடியிருக்கும் ஓர் ஆசிரியரோ ஆலைத் தொழிலாளியோ சொந்தப் பாய்மரப் படகைப் பற்றி நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. கடலோரத்தில் வீடு இருக்க வேண்டும், இல்லையென்றால் மெரினாவில் மாதாமாதம் வாடகை கட்ட வசதி வேண்டும் என்பது பொது நினைப்பு. பெரிய படகுகளுக்கு அது சரி. தூக்கி இறக்கும் ஏரா (படகின் அடியில் நீரில் நீளும் கனமான தகடு) பொருத்தி, டிரெய்லரில் இழுத்துச் செல்லும் சிறிய பாய்மரப் படகுக்கு அது பொருந்தாது. பேராக்கின் கரைக்கும் கரையிலிருந்து தள்ளி வாழ்பவர்களுக்கும் அதுவே ஏற்ற படகு. மாநில அரசு மெரினாக்களுக்கு முன்னால் படகை இறக்கும் நல்ல சாய்தளங்களுக்குச் செலவிட வேண்டும் என்று சொல்வதற்கும் அதுவே காரணம்.

பாய்மரப் படகின் ஏராவுக்கு இரண்டு வேலை உண்டு. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு சறுக்கிப் போகாமல் பிடிப்பது ஒன்று. தன் எடையால் படகை நிமிர்த்தி வைப்பது மற்றொன்று. பெரிய படகுகளில் ஏரா அடியோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருப்பதால் ஆழம் குறைந்த இடத்தை அவை நெருங்க முடியாது. தூக்கு ஏராவின் அமைப்பு வேறு. வார்ப்பிரும்பு ஏராவின் மேல்முனை ஒரு தடித்த பின்னில் கோக்கப்பட்டிருக்கும். கேபினுக்குள் இருக்கும் கை வின்ச்சைச் சுற்றினால் கம்பிவடம் இழுத்து, ஏரா பின்பக்கமாக மடங்கி மேலேறும். அமெரிக்காவில் பிராங்க் பட்லர் வடிவமைத்து 1969இல் வெளிவந்த கேட்டலினா 22 இந்த வகைக்கு நல்ல சான்று. நீளம் ஏறத்தாழ 6.5 மீட்டர், அகலம் 2.3 மீட்டர், எடை ஒரு டன்னை ஒட்டி வரும். அதில் ஏரா மட்டும் 250 கிலோ. ஏரா இறங்கியிருந்தால் ஒன்றரை மீட்டர் தண்ணீர் வேண்டும், தூக்கிவிட்டால் 60 சென்டிமீட்டர் போதும். உள்ளே படுத்து உறங்கவும் இடம் உண்டு. பாய்மரத்தைச் சாய்த்துக் கட்டி, சாலை வழியே வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விடலாம். இதுவரை 15,000க்கும் மேற்பட்ட கேட்டலினா 22 படகுகள் கட்டப்பட்டிருக்கின்றன. வாங்கியவர்கள் எல்லாரும் கடலோரத்துச் செல்வந்தர்கள் அல்லர்.

இந்த அளவுகளைப் பேராக் கரையோடு வைத்துப் பார்க்க வேண்டும். பங்கோர் தீவும் லூமுட்டும் தவிர்த்தால் இந்தக் கரையின் பெரும்பகுதி சேறும் சதுப்பும்தான். வடக்கே 1906இல் வனக்காப்பகமாக அறிவிக்கப்பட்ட மாத்தாங் அலையாத்திக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் பரப்பில் கழிமுகக் கால்வாய்களோடு விரிந்து கிடக்கிறது. தெற்கே பேராக் ஆறும் பெர்ணம் ஆறும் கொண்டுவந்து கொட்டும் வண்டல், கரையிலிருந்து வெகுதூரம் வரை கடலை ஆழமற்றதாக்கி வைத்திருக்கிறது. ஓதம் ஏறும்போது கடலாகத் தெரிவது வற்றும்போது சேற்றுவெளி ஆகிவிடும். நிலை ஏரா பொருத்திய படகு இங்கே தரைதட்டினால் ஒருபக்கமாகச் சாய்ந்து அடுத்த ஓதம் வரும்வரை கிடக்க வேண்டியதுதான். தூக்கு ஏராப் படகோ ஏராவை உள்ளே இழுத்துக்கொண்டு சேற்றின்மேல் ஏறக்குறைய நிமிர்ந்தே உட்காரும், தண்ணீர் வந்ததும் எழும்பும். கோலா செபெத்தாங்கின் கால்வாய்க்குள் நுழையவும், பங்கோரின் மணற்கரையை ஒட்டி நங்கூரமிடவும், பாகான் டத்தோ முகத்துவாரத்தில் ஓதத்துக்குக் காத்திருக்கவும் அதனால் முடியும். பெரிய கப்பல்கள் வர முடியாத ஆழத்தில் அது ஓடுவதால், உலகின் நெரிசல் மிகுந்த கடல்வழிகளில் ஒன்றான மலாக்கா நீரிணையின் போக்குவரத்தோடு அதற்கு மோதலும் குறைவு.

ஆழமற்ற கடலுக்குத் தூக்கும் பலகை என்பது மேற்கத்தியர் கண்டுபிடித்துத் தந்த புதுமை அல்ல. பாக் நீரிணைக் கரையில், கோடியக்கரை, அதிராம்பட்டினம் பக்கத்து மீனவர்கள் ஓட்டிய வத்தை தட்டையான அடியுடைய பாய்மரப் படகு. அதன் பக்கத்தில் தொங்கவிடும் பலகை காற்றில் சறுக்காமல் பிடித்துக்கொள்ளும், ஆழம் குறைந்தால் மேலே ஏற்றப்படும். சென்னை மாகாண மீன்வளத்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகளைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய கரையோரப் படகுகளின் நுட்பத்தைப் பதிவு செய்தது. மலாயாவுக்கு வந்த நம் முன்னோரில் பலர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள். பினாங்கில் இறங்கித் தோட்டத்துக்குள் போனபின், கடல் அவர்களுக்கு ஊருக்குத் திரும்பும் வழியாக மட்டுமே இருந்தது. பால்மரக் காட்டில் விடியலில் தொடங்கிய வேலைநாளில் படகுக்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. இன்று அந்தக் காரணங்கள் பல குடும்பங்களுக்கு இல்லை. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, இந்தியக் கடற்படைப் பாய்மரக் கப்பல் தாரிணியில் மற்றோர் அதிகாரியுடன் உலகைச் சுற்றி 2025 மே மாதம் கோவா திரும்பினார். சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டினார். பாய்மரம் தமிழருக்கு ஆகாத வேலை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இத்தகைய படகு பாதுகாப்பானதா என்பது நியாயமான கேள்வி. ஆழ்கடலுக்கு அல்ல என்று வெளிப்படையாகவே சொல்லிவிட வேண்டும். படகின் மொத்த எடையில் ஏரா கால்வாசிதான், ஆகவே பலத்த காற்றில் அது விரைவில் சாயும். ஏராவை இறக்கியதும் பூட்டும் திருகாணியை முடுக்காமல் விட்டால், படகு பெரிதும் சாயும்போது ஏரா உள்ளே மடங்கி, நிமிர்த்த வேண்டிய எடையே எதிரியாகிவிடும். கேபின் வாசல் திறந்திருந்தால் தண்ணீர் புகுந்துவிடும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை பெரும்பாலும் விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து திடீரென வீசும் புயற்காற்றையும் மறந்துவிடக்கூடாது. ஆனால் இந்த ஆபத்துகளுக்கெல்லாம் மாற்று உண்டு. வானிலை அறிக்கை பார்ப்பது, பாயைச் சுருக்குவது, கரையை ஒட்டி ஓடுவது, உயிர்காப்பு உடையைக் கழற்றாமல் இருப்பது ஆகியவை பயிற்சியால் வருபவை. நீரிணையில் காற்று பலநாள் மந்தமாக இருப்பதால், சிறிய வெளிப்பொருத்து மோட்டார் அவசியம். அதை வைத்திருப்பதால் பாய்மரப் பயணத்துக்கு இழுக்கு ஒன்றும் இல்லை.

அசையும் பாகங்கள் கெட்டுப்போகும் என்பது அடுத்த வாதம். அது உண்மைதான். பின் தேயும், கம்பிவடம் உப்பில் அரிக்கும், ஏராப் பள்ளத்தில் சேறு அடைத்துக்கொண்டால் ஏரா இறங்க மறுக்கும். ஆனால் நிரந்தரமாகக் கடலில் மிதக்கும் படகைக் கரையேற்றினால்தான் அதன் அடிப்பகுதியைச் சோதிக்க முடியும். டிரெய்லரில் வீட்டுக்கு வரும் படகையோ வாரந்தோறும் நன்னீரால் கழுவி, குனிந்து பார்த்துவிடலாம். பராமரிப்புச் சுமை கூடுதல் என்றால், அதைச் செய்யும் வாய்ப்பும் கூடுதல். செலவு குறித்த எதிர்ப்பு இதைவிட வலுவானது. படகும் டிரெய்லரும் சாமான்களும் சேர்ந்தால் ஒன்றரை டன்னை நெருங்கும், புரோட்டோன் சாகா காரால் இழுக்க முடியாது, பிக்கப் போன்ற வண்டி வேண்டும். டிரெய்லருக்கு முறையான பதிவும் தேவை. ஆகவே இது எல்லாருக்கும் கிடைக்கும் பண்டம் என்று சொல்வது பொய். ஆனால் மெரினா வாடகை இல்லாததால் நான்கைந்து குடும்பங்களோ, ஒரு பல்கலைக்கழகக் கழகமோ, ஓர் இளைஞர் மன்றமோ சேர்ந்து ஒரு படகை வைத்திருக்க முடியும். விளையாட்டு அறிவியல் கற்பிக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் தஞ்சோங் மாலிமிலேயே இருப்பது இதற்குப் பெரிய அனுகூலம்.

தடை படகில் இல்லை, கரையில்தான் இருக்கிறது. ஓதம் வற்றியபோது பத்து மீட்டர் சேற்றில் முடியும் சாய்தளத்தில் ஒரு டன் படகை இறக்க முடியாது. மஞ்சோங், பாகான் டத்தோ, கோலா செபெத்தாங் கரைகளில் வற்றத்தின்போதும் தண்ணீரைத் தொடும் நீளமான சிமென்ட் சாய்தளம், பக்கத்தில் மிதக்கும் சிறு பாலம், டிரெய்லரோடு வண்டி நிறுத்த இடம், உப்பு கழுவ ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தால் போதும். இவற்றால் மீனவர்களுக்கும் நன்மையே. அவர்களின் வலைகளையும் சிப்பிப் பாத்திகளையும் விலகி ஓடும் வழிகளை மீனவர் சங்கங்களோடு பேசி வரையறுத்தால் உரசலும் இருக்காது. ஒரு மெரினாவுக்கு ஆகும் செலவில் இத்தகைய இடங்கள் பலவற்றை அமைக்கலாம் என்பதை எந்தப் பொறியாளரும் சொல்வார். பேராக் மாநில அரசு அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் முதல் மூன்று சாய்தளங்களுக்கு ஒதுக்கீடு செய்ய வேண்டும். முவாலிம் மக்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் அதைக் கேட்க வேண்டும்.