கழுவும் நேரம்

பிலிம் கழுவும் மருந்துக்கு நூல்கள் விதிப்பது 20 பாகை. வந்தாறுமூலைக் கிணற்று நீரோ மார்கழியிலும் அவ்வளவு குளிர்வதில்லை. இல்போர்ட் எச்.பி.5 பிளஸ் சுருளை, சமபங்கு நீர் கலந்த ஐ.டி.11 மருந்தில் கழுவ 20 பாகையில் 13 நிமிடம். 24 பாகையில் ஏறத்தாழ 9. (பனிக்கட்டியைச் சுற்றுநீரில் இடுக, மருந்தில் அன்று!)

ஆயினும் ஸ்கானருக்குச் சற்று மெலிந்த நெகட்டிவே உகந்தது. வயல்வெளி வெயிலில் அம்மம்மாவின் வெண்சேலை நெகட்டிவில் மிகக் கருத்துவிடின் ஒளி ஊடுருவாது. மடிப்புகள் மறைந்து வெறும் வெண்மையே மிஞ்சும். அவரைப் படமெடுக்குமுன், வெயிலும் நிழலும் படிந்த வேலியொன்றைச் சுருள் முழுதும் எடுத்து, இருட்டில் மூன்றாய் வெட்டி, 9, 8, 7 நிமிடம் கழுவி ஒப்பிடுக. நிழலில் விவரம் இல்லையெனில் நேரத்தைக் குறைகூறற்க; கமராவில் ஒளி போதவில்லை. எமக்கு உவப்பானது 8 நிமிடம். அன்பர்தம் ஸ்கானர் வேறு சொல்லலாம்.