சார்ஜ் நிற்க வேண்டும்

திண்டுக்கல் பேகம்பூரில் கைபேசி பழுதுபார்க்கும் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், "சார்ஜ் நிக்க மாட்டேங்குது" என்ற புலம்பல் காதில் விழும். பேட்டரி வண்டிக்காரர்களும் இப்போது அதையே சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்டு வாங்கினோமே தவிர, எத்தனை வருஷம் அப்படி ஓடும் என்று கேட்கவில்லை. பூட்டு விஷயத்தில் இந்த ஊர் இப்படி ஏமாந்ததில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, பல்லாண்டு உழைத்துத்தான் பேர் வாங்கியது.

சிலிக்கான் பேட்டரி பற்றிய பேச்சிலும் அந்தக் கேள்வியே முதலில் வர வேண்டும். இன்றைய லித்தியம் அயன் பேட்டரியின் எதிர்முனை பெரும்பாலும் கிராஃபைட், அதாவது பென்சில் கரி. அது கிராமுக்கு 372 மில்லிஆம்பியர்-மணி மின்னேற்றம் தாங்கும். அதற்குப் பதிலாகச் சிலிக்கான் வைத்தால் ஏறக்குறைய 3,600 தாங்கும். ஆனால் லித்தியத்தை உள்வாங்கியதும் சிலிக்கான் மூன்று மடங்குக்கும் மேல் பருக்கிறது, வெளியேறியதும் சுருங்குகிறது. கோடையில் காய்ந்த கண்மாய் வண்டல்போல் வெடித்துப் பாளம் பாளமாகிறது. ஒவ்வொரு புது விரிசலிலும் மின்பகுளி படிந்து லித்தியத்தைத் தின்கிறது. ஒரு தடவை சார்ஜ் ஏற்றி இறக்க ஆயிரத்தில் ஒரு பங்கு வீணானால்கூட, ஆயிரம் தடவையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். தினமும் சார்ஜ் போடும் வண்டிக்கு அது மூன்று வருஷம்கூட இல்லை.

வழி இல்லாமல் இல்லை. துகள் 150 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் வெடிப்பது குறைகிறது, கரிப்பூச்சு உதவுகிறது. சிலிக்கான் துகளைப் பிடித்து நிறுத்தும் பசையாக, பழுப்புக் கடற்பாசியின் ஆல்ஜினேட் நன்றாக வேலை செய்கிறது என்று 2011-இலேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தப் பாசி மண்டபம் கடலில் வளர்கிறது. அரிசி ஆலைகளில் உமி எரிந்து மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதிலிருந்து சிலிக்கான் எடுக்க முடியும். நத்தம் வழியாகப் போனால் நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் வந்த நிலையம் அது.

பேட்டரிப் பொருளைச் சீனாவிலிருந்து வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். 2023 டிசம்பரில் கிராஃபைட் ஏற்றுமதிக்குச் சீனா அனுமதி முறை கொண்டுவந்ததை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நம் ஆய்வுத் திட்டங்கள் இரண்டு மூன்று வருஷத்தில் முடிந்துவிடுகின்றன. நூறு சார்ஜ் சுற்று ஓட்டிய வரைபடத்தோடு கட்டுரை வெளியாகிறது. பேட்டரியின் மூப்பை அவ்வளவு சீக்கிரம் பார்த்துவிட முடியாது. எனவே தமிழக அரசு காரைக்குடியோடு சேர்ந்து, குறைந்தது ஏழு வருஷத்துக்கு நிற்காமல் நடக்கும் ஆயுள் பரிசோதனைக்குப் பணம் ஒதுக்க வேண்டும். சோதனை, ஆய்வகங்களின் வழக்கமான 25 டிகிரியில் மட்டுமல்லாமல் சித்திரை வெயிலின் 40 டிகிரியிலும் நடக்கட்டும். தோற்ற பேட்டரிகளின் கணக்கும் வெளியே வரட்டும். மானியம் பெறும் ஒவ்வொரு வண்டியிலும் விலைச்சீட்டுக்குப் பக்கத்திலேயே, எத்தனை சுற்று தாங்கும், எந்தச் சூட்டில் தாங்கும் என்று தமிழில் அச்சிட்டிருக்க வேண்டும்.